அக்கரை விருந்தாளி

போன மாதம் ஒரு காலை நிகழ்ச்சியில் என்னை ஒரு படிவம் மூன்று மாணவன் மடக்கிவிட்டான்.

பள்ளி விடுமுறைக் காலம். ‘உங்கள் ஊரில் உங்களுக்குப் புரியாத விஷயம் எது?’ என்று தலைப்புக் கொடுத்து நேயர்களைப் பேச அழைத்திருந்தோம். வழக்கமான பதில்கள் வந்தன. பாலத்தில் ஏன் இப்படி நெரிசல், ஜார்ஜ்டவுனில் வண்டி நிறுத்த ஏன் இடமே கிடைப்பதில்லை, நாசி கண்டார் கடையில் கோழித்துண்டு ஏன் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. சிரித்துப் பேசிக்கொண்டே நேரம் போனது. அப்போதுதான் பட்டர்வொர்த்திலிருந்து இந்தத் தம்பி வந்தான்.

“அக்கா, எங்க வீட்டுக்கு மேல பிளேன் போகும். அதுல சிலது ஆஸ்திரேலியாவோடதுன்னு அப்பா சொல்றாரு. நாம சுதந்திரம் வாங்கி இவ்வளவு வருஷம் ஆச்சு. நம்மகிட்டயே ஆகாயப் படை இருக்கு. அப்புறம் அவங்க ஏன் இன்னும் இங்க இருக்காங்க?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? “அருமையான கேள்வி தம்பி” என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன். பதில் தெரியாத நேரத்தில் வானொலி அறிவிப்பாளருக்குப் பாட்டைவிட நல்ல நண்பன் கிடையாது. ஊடகத் துறையில் வாங்கிய பட்டம் அன்றைக்கு உதவவில்லை.

பாட்டு ஓடிய நாலரை நிமிடமும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. ஏனென்றால், அந்த ஆஸ்திரேலியர்கள் கொடுத்த சம்பளத்தில்தான் எங்கள் குடும்பம் ஏறத்தாழ இருபது வருடம் சாப்பிட்டது.

தாத்தா ‘கெபுன்’. தோட்டக்காரர். தஞ்சோங் பூங்காவில் ஆஸ்திரேலிய ஆகாயப் படை அதிகாரிகள் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்த வீடுகளில் புல் வெட்டுவார், காகிதப்பூச் செடிகளைக் கத்தரிப்பார். பாட்டி அதே வீடுகளில் துணி துவைத்தார், குழந்தை பார்த்துக்கொண்டார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை குடும்பம் மாறும். நாய் மாறும், பிள்ளைகளின் பெயர் மாறும், தாத்தா மட்டும் மாறமாட்டார். அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று ஜார்ஜ்டவுனில் தனிப் பள்ளிக்கூடம் இருந்தது. 1958 முதல் 1988 வரை நடந்தது. அவர்களுக்கென்று தனி வானொலிகூட இருந்தது, ரேடியோ ஆர்.ஏ.ஏ.எஃப். பட்டர்வொர்த். பாட்டியோடு அந்த வீட்டுக்குப் போகும் நாட்களில் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து என் அம்மா அதைக் கேட்டிருக்கிறார். நான் வானொலிக்கு வந்ததற்கு அந்தச் சமையல்கட்டுதான் காரணம் என்பது அம்மாவின் கட்சி. நான் மறுப்பதில்லை.

1988-இல் கடைசி மிராஜ் போர் விமானங்கள் கிளம்பின. தளம் முழுதாக நம் ஆகாயப் படையின் கைக்கு வந்தது. குடும்பங்கள் மூட்டை கட்டின. தாத்தாவுக்கு ஒரு புல்வெட்டும் இயந்திரத்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வெட்டப் புல்தான் இல்லை. பிறகு அவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார்.

எனக்கு நினைவு தெரிந்த பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டிருக்கிறேன், அவங்க எல்லாம் எதுக்குத் தாத்தா இங்க வந்தாங்க என்று. “நல்ல மனுசங்கம்மா. எதுக்கு வந்தாங்கன்னு அவங்க சொன்னதில்ல, நான் கேட்டதும் இல்ல” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தண்ணீர்மலைக்குப் போனேன். 513 படிகள். பாதியில் நின்று மூச்சு வாங்கும்போது திரும்பிப் பார்த்தால் ஜார்ஜ்டவுன், அதற்கு அப்பால் கடல், கடலுக்கு அப்பால் ஒரு மங்கலான கோடாகப் பெருநிலக் கரை. தம்பியின் கேள்வி அந்தக் கரையிலிருந்து வந்தது. வீட்டுக்கு வந்ததும் படிக்க ஆரம்பித்தேன். இந்த வாரப் பத்தி அந்தத் தம்பிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி.

முதலில் ஒரு கசப்பான கதை. பட்டர்வொர்த் தளத்தைப் பிரிட்டிஷார் திறந்தது 1941 அக்டோபரில். ஜப்பானியர் வந்தால் தடுப்பதற்காக. டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். மறுநாள், தாய்லாந்தின் சிங்கோராவில் இருந்த ஜப்பானிய விமானங்களைத் தாக்க பட்டர்வொர்த் ஓடுபாதையில் பிளென்ஹீம் குண்டுவீச்சு விமானங்கள் வரிசையில் நின்றன. ஒன்றுதான் மேலே எழும்பியது. அடுத்த கணம் ஜப்பானிய விமானங்கள் வந்து, தரையில் நின்ற மற்றவற்றை நொறுக்கிவிட்டன. மேலே போன ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற விமானி அந்த ஒற்றை விமானத்தோடே போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பினார். உடம்பெல்லாம் காயம். அலோர் ஸ்டாரில் இறக்கினார். அவர் மனைவி அங்கே மருத்துவமனையில் தாதி. அன்றிரவே அவர் இறந்தார். 1946-இல் விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள்.

பினாங்குக்கு என்ன நடந்தது? டிசம்பர் 11-இல் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். குண்டு விழும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சில நாள் கழித்து, 16-ஆம் தேதி இரவில், வெள்ளைக்காரர்கள் சத்தமில்லாமல் தீவைவிட்டுக் கிளம்பினார்கள். மற்ற எல்லாரும் இங்கேயே. கொர்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியைக் கடைசியில் இறக்கியது யார் தெரியுமா? ஒரு தமிழர். ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. ஊரை நிர்வகிக்க ஆளில்லாமல் போன அந்த நாட்களில் உள்ளூர்க்காரர்கள் அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைமை. 19-ஆம் தேதி ஜப்பானியர் தீவுக்குள் வந்தார்கள்.

ஆக, அந்தத் தளம் தன் முதல் வேலையில் தோற்றது. பாதுகாக்க வந்தவர்கள் போய்விட்டார்கள், பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வெளிநாட்டுப் படை நம் மண்ணில் இருந்தால் நமக்குப் பயமில்லை என்று யாராவது சொன்னால், பினாங்குக்காரர்கள் கொஞ்சம் இருமலாம்.

போர் முடிந்தது, பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். 1958-இல் தளம் ஆஸ்திரேலியர் கைக்குப் போனது. அதற்குப் பிறகு காரணங்களைப் பாருங்கள். முதலில் அவசரகாலம், காட்டில் கம்யூனிஸ்டுகள். அது 1960-இல் முடிந்தது. 1963-இல் இந்தோனேசியாவோடு மோதல். ஆஸ்திரேலிய சேபர் விமானங்கள் பட்டர்வொர்த்தில் தயார் நிலையில் நின்றன. 1966-இல் அதுவும் முடிந்தது. பிறகு வியட்நாம் போர். 1970-இலிருந்து ஆஸ்திரேலியத் தரைப்படையின் ஒரு துப்பாக்கிக் கம்பெனி, தளத்தைக் கம்யூனிஸ்டுகளிடமிருந்து காக்க வந்தது. 1989 டிசம்பரில் ஹாட்யாயில் கம்யூனிஸ்டுகளோடு சமாதானம் கையெழுத்தானது. கம்பெனி கிளம்பியதா? இல்லை. இன்றைக்கும் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாறி மாறி வந்துகொண்டிருக்கிறது. இப்போது காரணம் பயிற்சி.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கம்பெனியில் 1970, 80-களில் இருந்த ஆஸ்திரேலிய முன்னாள் வீரர்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். ‘நீங்கள் போனது சமாதானக் காலச் சேவை’ என்கிறது அரசாங்கம். ‘துப்பாக்கியில் நிஜத் தோட்டாவோடு காவல் காத்தோம், அது எப்படிச் சமாதானக் காலம்?’ என்கிறார்கள் அவர்கள். தாத்தாவிடம் சொல்லாதது இருக்கட்டும், சொந்தச் சிப்பாய்களுக்கே எதற்கு வந்தோம் என்பதில் வழக்கு.

எதிரி மாறிக்கொண்டே இருக்கிறான், ஓடுபாதை அப்படியே இருக்கிறது என்றால், உண்மையான காரணம் எதிரி இல்லை. வேறு ஏதோ. அதைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்த பதில், போர்க் கதை மாதிரியே இல்லை. நம் வீட்டுக் கதை மாதிரி இருந்தது.

பாகப்பிரிவினை ஆன வீட்டைப் பார்த்திருப்பீர்கள். அண்ணன் தம்பி நடுவில் சுவர் எழுப்பிக்கொள்வார்கள். அடுப்பைப் பிரிக்கலாம், வாசலைப் பிரிக்கலாம். கூரையை என்ன செய்வது? மழை இரண்டு பக்கமும்தானே ஒழுகும்?

1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் பிரிந்தது. நிலத்தில் கோடு போட்டாயிற்று. வானத்தில் கோடு போட்டுப் பயனில்லை. சிங்கப்பூர் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மணிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் வரும் போர் விமானத்துக்கு அது மூன்று நிமிடத் தூரம். ஆகவே, சிங்கப்பூரின் வானத்தைக் காக்க வேண்டுமென்றால் ஜொகூருக்கு மேலேயே பார்க்கத் தொடங்க வேண்டும். நமக்கும் அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரிய வேண்டும். இரண்டு வானமும் சேர்ந்தால்தான் ஒரு கூரை.

அதுவரை கூரையைப் பிரிட்டிஷார் பார்த்துக்கொண்டார்கள். 1967 நவம்பரில் அவர்களுடைய பவுண்டு மதிப்பிறங்கியது. கையில் காசில்லை. 1968 ஜனவரியில் பிரதமர் ஹெரால்ட் வில்சன், 1971-க்குள் இந்தப் பகுதியிலிருந்து படைகளை எடுத்துக்கொள்வதாக அறிவித்துவிட்டார். அப்போது நம் ஆகாயப் படை சின்னக் குழந்தை. நம்மிடம் இருந்த முதல் ஜெட் சண்டை விமானங்களில் ஆஸ்திரேலியா 1969 முதல் கொடுத்த பழைய சேபர்களும் அடக்கம். சிங்கப்பூரின் நிலை அதைவிடப் புதிது.

1971 ஏப்ரலில் லண்டனில் ஐந்து நாடுகள் உட்கார்ந்து பேசின: மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. அதே ஆண்டு நவம்பர் 1-இல் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு நடப்புக்கு வந்தது. பெயரைக் கவனியுங்கள். ஒப்பந்தம் இல்லை, ‘ஏற்பாடு’. மலேசியாவை அல்லது சிங்கப்பூரை யாராவது வெளியிலிருந்து தாக்கினால், அல்லது தாக்கப்போவதாக மிரட்டினால், ஐவரும் உடனே கூடிக் கலந்து பேச வேண்டும். அவ்வளவுதான். சண்டைக்கு வருகிறேன் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் இதயம் பட்டர்வொர்த்தில் இருக்கிறது. இரு நாட்டு வானத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஒருங்கிணைந்த தற்காப்பு அமைப்பின் தலைமையகம் அங்கேதான். அதன் தளபதி யார்? மலேசியரா என்றால் சிங்கப்பூருக்குச் சங்கடம். சிங்கப்பூரரா என்றால் நமக்குச் சங்கடம். ஆகவே ஓர் ஆஸ்திரேலிய ஏர் வைஸ் மார்ஷல். தொடக்கத்திலிருந்து இன்றுவரை அப்படித்தான்.

பங்காளிகள் இருவரும் கூரைச் சாவியை மற்றவர் கையில் கொடுக்க மாட்டார்கள். வெளியூர் மாமா கையில் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

மாமா சும்மா இல்லை என்பதற்கு 1998 ஒரு சாட்சி. அந்த ஆண்டு நமக்கும் சிங்கப்பூருக்கும் உரசல் முற்றியிருந்தது. பொருளாதார நெருக்கடி வேறு. சிங்கப்பூர் ராணுவ விமானங்கள் நம் வானத்தைப் பயன்படுத்தக் கொடுத்திருந்த அனுமதியைக் கோலாலம்பூர் எடுத்துவிட்டது. ஐந்து நாட்டுப் பயிற்சியிலும் அந்த ஆண்டு நாம் கலந்துகொள்ளவில்லை. ஆனால் ஏற்பாட்டைவிட்டு வெளியேறவில்லை. பிறகு மீண்டும் பயிற்சிக்குப் போனோம். இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே அறையில் ஒரே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்கு அந்தத் தலைமையகம் ஒரு காரணமாக இருக்கிறது. கோபமாக இருக்கும்போதும் பேசிக்கொள்ள ஓர் இடம். குடும்பத்தில் இதன் விலை என்னவென்று உங்களுக்கே தெரியும்.

நம் ஆட்கள் இதில் காட்டிய சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். 1970-இல் மலேசியா அணிசேரா நாடுகள் இயக்கத்தில் சேர்ந்தது. 1971 நவம்பர் 27-இல் தென்கிழக்காசியா அமைதி, சுதந்திரம், நடுநிலை கொண்ட வட்டாரமாக இருக்க வேண்டும் என்ற பிரகடனம் வெளிவந்தது, அதுவும் கோலாலம்பூரிலிருந்து. வெளிநாட்டுத் தளபதியோடு கூடிய ஏற்பாடு நடப்புக்கு வந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை! இதை இரட்டை வேடம் என்று சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். கோயிலுக்கு நேர்த்திக்கடனும் வைத்து, மருத்துவரிடமும் போகிற ஜாதிதானே நாமெல்லாம்.

சரி, மாமாவுக்கு இதில் என்ன லாபம்? 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஏறத்தாழ 15,000 ஆஸ்திரேலியர் கைதானார்கள். நான்கு நாள் கழித்து டார்வின் நகரத்தில் குண்டு விழுந்தது. வடக்கிலிருந்து வரும் ஆபத்தை வடக்கிலேயே பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு அவர்கள் மனதில் குத்தியது, இன்னும் ஆறவில்லை. 1981 முதல் அவர்களுடைய கடல் கண்காணிப்பு விமானங்கள் பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பி இந்தியப் பெருங்கடலையும் மலாக்கா நீரிணையையும் தென்சீனக் கடலையும் சுற்றி வருகின்றன. முதலில் சோவியத் கப்பல்களுக்காக. சோவியத் போய்விட்டது, விமானம் ஓரியனிலிருந்து பொசைடனுக்கு மாறியிருக்கிறது, சுற்றுவது நிற்கவில்லை. நமக்கும் இதில் பலன் இருந்திருக்கிறது. 2014 மார்ச்சில் எம்.எச்.370 காணாமல் போனபோது தேடலில் இறங்கியவற்றில் ஆஸ்திரேலிய ஓரியன்களும் உண்டு.

தம்பியின் கேள்வியில் இன்னொரு பாதி இருக்கிறது: ‘நம்மகிட்டயே ஆகாயப் படை இருக்கு.’ உண்மை. 1997-இல் வாங்கிய நம் எட்டு ஹார்னெட் விமானங்களின் வீடே பட்டர்வொர்த்தான். ஆனால் நம்மைவிட எவ்வளவோ வசதியான நாடுகளும் விருந்தாளியை வைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. 2024 கணக்குப்படி அமெரிக்கப் படையினர் ஜப்பானில் 50,000-க்கும் மேல், ஜெர்மனியில் ஏறத்தாழ 35,000, தென் கொரியாவில் 28,500. ஜப்பானிடம் காசில்லையா? 2022 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அமெரிக்கத் தளங்களின் செலவுக்காக ஒரு லட்சம் கோடி யென்னுக்கும் மேல் கொடுக்க அது ஒப்புக்கொண்டது. காசு இருப்பதால்தான் கொடுக்கிறது. தனியாக அணுகுண்டு செய்து, பெரிய படை கட்டி, அக்கம்பக்கத்தை எல்லாம் பயமுறுத்துவதைவிட இது மலிவு. ஜப்பான் பெரிய படை கட்டினால் கொரியர் தூங்கமாட்டார்கள். ஜெர்மனி கட்டினால் அதன் பக்கத்து நாடுகளுக்குப் பழைய ஞாபகம் வரும். விருந்தாளி இருந்தால் பங்காளிகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். பட்டர்வொர்த் கதையேதான், அளவு மட்டும் பெரிது.

ஆனால் விருந்தாளிகளில் வித்தியாசம் உண்டு. ஜப்பானின் நிலப்பரப்பில் ஒக்கினாவா 0.6 விழுக்காடு. அந்த நாட்டில் அமெரிக்கப் படை தனக்கென்றே வைத்திருக்கும் இடத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு அந்தச் சின்னத் தீவில். தோக்கியோவுக்குப் பாதுகாப்பு, ஒக்கினாவாவுக்கு இரைச்சல். 1995-இல் அமெரிக்கச் சிப்பாய்கள் மூவர் ஒரு பள்ளிச் சிறுமிக்குச் செய்த கொடுமைக்குப் பிறகு பல்லாயிரம் பேர் அங்கே தெருவில் இறங்கினார்கள். வேலி யாருடையது, வாசல் சாவி யாருடையது என்பதுதான் விஷயம். பட்டர்வொர்த்தில் 1988 முதல் இரண்டும் நம்முடையவை. அவர்கள் நம் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறார்கள். நாம் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கவில்லை.

சாவி நம்மிடம் என்றால், போகச் சொல்லவும் முடியும். இலங்கை சொல்லியிருக்கிறது. பண்டாரநாயக்கா கேட்டுக்கொண்டபடி 1957-இல் பிரிட்டிஷார் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பிலிப்பைன்ஸும் சொன்னது. 1991 செப்டம்பரில் அதன் மேலவை 12-க்கு 11 என்று ஒரே ஓட்டில் அமெரிக்கரைப் போகச் சொன்னது. அடுத்த ஆண்டு கடைசிக் கப்பல் போனது. 1995-இல் பிலிப்பைன்ஸ் உரிமை கொண்டாடும் ஒரு பவளத்திட்டில் சீனா கூரை போட்டுவிட்டது. இப்போது ஒன்பது இடங்களில் அமெரிக்கரை மீண்டும் உள்ளே விட மணிலா சம்மதித்திருக்கிறது.

நமக்கும் அந்தக் கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. 2021 மே 31-இல் சீன ராணுவ விமானங்கள் 16 சரவாக் கரையை நோக்கி வந்தன. லாபுவானிலிருந்து நம் ஹாக் விமானங்கள் எழும்பிப் போய்ப் பார்த்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் சேர்ந்து ஆக்கஸ் கூட்டணியை அறிவித்தன. ஆஸ்திரேலியாவுக்கு அணுசக்தி நீர்மூழ்கிகள். நம் அரசாங்கம் கவலை தெரிவித்தது. ஏன் கவலைப்பட வேண்டும்? ஐந்து பேர் ஏற்பாட்டில் இரண்டு பேர் இன்னொரு கூட்டணியில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சீனா நம் பெரிய வணிகக் கூட்டாளி.

இங்கேதான் எனக்கு உண்மையான பயம். வியட்நாம் போருக்கு மலேசியா படை அனுப்பவில்லை. ஆனால் வியட்நாமில் அடிபட்ட ஆஸ்திரேலியச் சிப்பாய்களை விமானத்தில் கொண்டுவந்து பட்டர்வொர்த்தில் இருந்த அவர்களுடைய மருத்துவமனையில் வைத்துப் பார்த்து, பிறகுதான் நாட்டுக்கு அனுப்பினார்கள். அடிபட்டவனுக்கு வைத்தியம் செய்வதில் தப்பில்லை. நானும் செய்திருப்பேன். ஆனாலும், நாம் போகாத ஒரு போரின் ஒரு வராண்டா நம் வீட்டுக்குள் இருந்தது. ஜெர்மனியிலும் இதேதான் நடந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அடிபட்ட அமெரிக்கரை லாண்ட்ஸ்டூல் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். ஈராக் போரை எதிர்த்த நாடு ஜெர்மனி. தளம் ஒன்று இருந்துவிட்டால், வேண்டாம் என்று சொல்வதற்கும் விலகி நிற்பதற்கும் நடுவில் நிறையத் தூரம் வந்துவிடுகிறது.

என் கருத்தைக் கேட்டால், மாமா இருக்கட்டும். பங்காளிகளுக்குள் அவர் தேவைப்படுகிறார். ஆனால் 1971-இல் எழுதியது வாயால் பேசிக்கொள்ளும் ஏற்பாடு; அன்றைய எதிரிகள் யாரும் இன்று இல்லை. நம் ஓடுபாதையிலிருந்து கிளம்பும் கண்காணிப்பு விமானம் எந்தக் கடலுக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது, இன்னொரு நாட்டோடு அவர்களுக்குச் சண்டை மூண்டால் அந்த அறைக் கதவு மூடப்படுமா என்பதை நம் நாடாளுமன்றத்தில் வாய்விட்டுப் பேச வேண்டும். சண்டை வந்த பிறகு பேசினால், 1941-இல் அண்ணாந்து பார்த்தவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்காது. கரையோரத்தில் இருப்பது நாம்தான்.

‘விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு’ என்று பாட்டி சொல்வார். ஆஸ்திரேலிய வீட்டில் வேலை பார்த்துக்கொண்டே சொன்னவர் அவர் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

போன வாரம் அந்தத் தம்பியை, அவன் அப்பாவிடம் அனுமதி கேட்டு, நிகழ்ச்சிக்கு வெளியே தொலைபேசியில் அழைத்தேன். இதில் பாதியைச் சொன்னேன். கூரைக் கதை அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

“எங்க வீட்லயும் அப்படித்தான் அக்கா. பெரியப்பாவும் அப்பாவும் பேசிக்க மாட்டாங்க. ஈப்போ மாமா வந்தாத்தான் தீபாவளிக்கு ஒண்ணா உட்காந்து சாப்பிடுவோம்.”

“அதேதான் தம்பி” என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. போனை வைக்கப் போனேன்.

“அக்கா, அந்த மாமாவுக்கு ஈப்போவில வேற யார்கூடயாவது சண்டை வந்து, அவங்க மாமாவத் தேடி எங்க வீட்டுக்கு வந்தா?”

தொலைபேசியில் பாட்டுப் போட முடியாது.